பட்டியலில் இருக்கும் ஆல்பமெல்லாம் பிடித்தே ஆக வேண்டுமா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், தவறாக எடுத்துக்கொண்டிருந்தால் திருத்துங்கள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்கு தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறீர்கள். ‘உலகின் தலைசிறந்த ஆல்பங்கள்’ என்று ஒரு பட்டியலைப் பிடித்துக்கொண்டு வழியில் ஒவ்வொன்றாகக் கேட்கிறீர்கள். சிலது பிடித்திருக்கிறது. பாதிக்கு மேல் ‘இதில் அப்படி என்ன இருக்கிறது’ என்று தோன்றுகிறது. அதை வெளியே சொன்னால் நண்பர்கள் ரசனை கெட்டவன் என்கிறார்கள். உங்களுக்குக் காது இல்லையா, அல்லது எல்லோரும் சும்மா தலையாட்டுகிறார்களா என்பது கேள்வி. எல்பி ப்ளேயர், அதாவது பழைய இசைத்தட்டுக் கருவி, வாங்கினால் வித்தியாசம் தெரியுமா என்பது கடைசியில் ஒட்டிய கேள்வி. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று கூச்சமில்லாமல் சொல்லலாமா என்றுதான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. தாராளமாகச் சொல்லலாம். சொல்வதற்கு முன்னால் பார்க்க வேண்டிய சில விஷயங்கள் மட்டும் உண்டு.

நான் இசை படித்தவன் இல்லை. உங்கள் பக்கத்திலேயே கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தேன், இப்போது மைக் செட் வைத்திருக்கிறேன். டேப், ஸ்பீக்கர், சத்தம் பற்றிச் சொன்னால் நம்பலாம். ராகம் பற்றிச் சொல்வது கேள்வி ஞானம். மேற்கத்திய இசையின் இலக்கணம் பற்றி நான் ஏதாவது சொன்னால் வேறு யாரிடமாவது ஒரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆல்பம் என்கிற வடிவமே ஒரு இசைத்தட்டின் அளவிலிருந்து வந்தது. 78 வேகத் தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் பிடிக்கும். 1948-ல் கொலம்பியா கம்பெனி எல்பி தட்டைக் கொண்டுவந்த பிறகு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. அந்த நீளத்தை நிரப்பத் தெரிந்தவர்கள் செய்ததைத்தான் இன்று கிளாசிக் என்கிறோம். நமக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நம் காது சினிமாப் பாட்டுக் காது. கடைக்கு வருபவர்கள் நோட்டுத்தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி, வெற்றுக் கேசட்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். தமிழ் பாதி, மலையாளம் பாதி இருக்கும். முழு ஆல்பம் கேட்டு வருபவர்கள் அபூர்வம், பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர்கள். தொண்ணூறு நிமிடக் கேசட்டின் ஒரு பக்கத்தில் ஒரு எல்பி முழுசாக அடங்கும், இரண்டு மூன்று நிமிட டேப் மிஞ்சும். அதை வெறுமையாக விட்டால் காசு வீண் என்று சண்டைக்கு வருவார்கள் என்பதால் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பிவிடுவோம். பிங்க் ஃப்ளாய்ட் என்கிற இங்கிலாந்து ராக் குழுவின் ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’ ஒரு மலையாளக் காதல் பாட்டோடு முடிகிறது என்று இன்றும் நம்பிக்கொண்டிருக்கிற ஒருவர் சித்தூரில் இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

அந்த ஆல்பத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் ‘ஆரம்பிக்கவே மாட்டேன் என்கிறது’ என்று நீங்கள் எழுதியிருந்தது அதைப் பற்றித்தான். அது இதயத் துடிப்புச் சத்தத்தோடு, மிக மெல்ல, ஒன்றுமில்லாததிலிருந்து எழும்பி வரும். பஸ் எஞ்சினின் உறுமலும் அதே தாழ்ந்த சுருதியில் இருப்பதால் அது அப்படியே அமுங்கிப் போகும். உங்கள் காதில் குறை ஒன்றுமில்லை. சிறிய சத்தமும் பெரிய சத்தமும் மாறி மாறி வருகிற எந்த இசைக்கும் பஸ்ஸில் இதுதான் கதி. 1973-ல் வந்த இந்தத் தட்டில் ஒரு பக்கத்துக்குள் பாட்டுக்குப் பாட்டு இடைவெளி கிட்டத்தட்ட கிடையாது. இலவசக் கணக்கில் சில செயலிகள் வரிசையைக் கலைத்துப் போடும், நடுவில் விளம்பரமும் வரும். அப்படிக் கேட்டுவிட்டு இது சுமார் என்றால் அது நியாயமான தீர்ப்பில்லை. வீட்டில் ராத்திரி, மின்விசிறியைக் குறைத்து வைத்துவிட்டு, நாற்பத்து மூன்று நிமிடம் வரிசையாகக் கேளுங்கள். ‘மனி’ பாட்டில் காசு குலுங்கும் ஓசையும் கல்லாப்பெட்டி ஓசையும் தாளமாக வருமே, அதைக் கை விரலால் எண்ணிப் பாருங்கள், ஏழு வரும். டேப்பை அளந்து வெட்டி, ஒட்டி, வளையமாகச் சுற்றவிட்டு செய்தார்கள். கிடார் தனி ஆவர்த்தனம் போல எகிறும் இடத்தில் ஏழு நாலாகிவிடும். டேப் வெட்டி ஒட்டிப் பழகியவனுக்கு அந்தச் சுத்தம் ஒன்றே போதும் கைதட்ட. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது 700 வாரங்களுக்கு மேல் இருந்தது என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கணக்கு விற்பனையைத்தான் காட்டும். வரிகளில் பெரிய தத்துவம் இருக்கிறது என்று சிலர் உருகுவது எனக்கு எட்டவில்லை. பணம், காலம், பைத்தியம் பற்றி அதில் இருப்பதைவிட ஆழமாக நம்முடைய சித்தர் பாடல்களில் இருக்கிறது என்பது என் கட்சி. சண்டைக்கு வராதீர்கள்.

அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ பற்றி ‘லிஃப்டில் போடுகிற இசை மாதிரி இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். சிரித்துவிட்டேன். 1959 மார்ச், ஏப்ரலில் நியூயார்க்கில் இரண்டே அமர்வில் பதிவானது. வாசித்தவர்கள் கையில் முழுப் பாட்டு எழுதிக் கொடுக்கப்படவில்லை, கோடு காட்டினாற்போல ஒரு குறிப்புதான். அதற்கு முந்தைய ஜாஸில் அடிக்கடி மாறும் கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டங்களை) துரத்திக்கொண்டு வாசிக்க வேண்டும். இங்கே ஒரே ஸ்வர வரிசையில் நின்று நிதானமாக விரித்துக்கொள்ளலாம். நமக்கு இது புதுசா என்ன? முதல் பாட்டான ‘ஸோ வாட்’டின் ஸ்வரங்களை எடுத்து வைத்தால் நம் கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள்தான். நடுவில் எட்டுத் தாள வட்டத்துக்கு அப்படியே அரை ஸ்வரம் மேலே ஏறிவிட்டுத் திரும்பி வரும். ஆனால் ‘மைல்ஸ் டேவிஸ் கரகரப்பிரியா வாசித்தார்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்வரம் ஒன்றாக இருந்தால் ராகம் ஒன்றாகிவிடாது, ஸ்வரத்தை அசைத்துப் பிடிக்கிற கமகம் இல்லை, ராகத்துக்கே உரிய சஞ்சாரம் இல்லை. வீட்டில் கேட்கும்போது முதல் தடவை ட்ரம்பெட்டை விட்டுவிட்டு அடியில் தாழ்ந்த சுருதியில் ஓடுகிற பேஸ் வாத்தியத்தை மட்டும் பின்தொடருங்கள். பஸ்ஸில் உங்களுக்குக் கேட்காமல் போனது அதுதான். பேஸ் இல்லாமல் கேட்டால் எனக்கும் லிஃப்ட் இசைதான்.

இன்னொன்று, கடைக்காரன் புத்தி, சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதல் அமர்வில் ஓடிய டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டியபோது முதல் பக்கத்து மூன்று பாட்டும் தட்டில் ஒரு பொடி அளவு சுருதி கூடி வந்துவிட்டன. கூடவே ஓடிய இன்னொரு மெஷினின் டேப்பை வைத்து 1990-களில்தான் சரி செய்தார்கள். அதுவரை முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ஆல்பத்தைக் கொண்டாடிய அத்தனை பேரும் முதல் பக்கத்தைத் தப்பான சுருதியில்தான் கொண்டாடினார்கள்.

பொறுமை வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பொறுமை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பாலக்காட்டுக்காரர் நீங்கள், நெம்மாறை வல்லங்கித் திருவிழாவில் வெயிலில் நின்று செண்டை கேட்டிருப்பீர்கள். பஞ்சாரி என்கிற செண்டை மேள வகையில் மெதுவான முதல் காலத்துக்கு ஒரு சுற்று 96 அட்சரம் (தாள எண்ணிக்கை), அடுத்தது 48, பிறகு 24, 12, கடைசியில் 6. முதல் காலத்தில் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும், கடைசியில் கூட்டம் முழுக்க கையைத் தூக்கிக்கொண்டிருக்கும். அதை நின்று கேட்கிறவருக்கு நீண்ட இசை ஒரு பொருட்டே இல்லை. அந்தக் காதோடு அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக்கின் ‘மியூசிக் ஃபார் எய்ட்டீன் மியூசிஷியன்ஸ்’ கேளுங்கள். 1978-ல் வந்த தட்டு, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பதினோரு கார்டுகள், ஒவ்வொன்றிலும் சில நிமிடம் நின்று துடித்துவிட்டு அடுத்ததற்கு நகரும். அவர் ஆப்பிரிக்காவில் கானாவுக்குப் போய் மேளம் கற்றுக்கொண்டவர். அவர் இசைக்கும் கேரளத்து மேளத்துக்கும் தொடர்பு எதுவும் இருந்ததாக நான் சொல்லவில்லை, கேட்கிற பயிற்சி ஒன்றுதான் என்கிறேன். சக்தி குழுவின் முதல் ஆல்பமும் அப்படித்தான். 1975-ல் மேடையில் பதிவானது, ஜான் மெக்லாக்லினின் கிடார், எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம், ராகவனின் மிருதங்கம். முதல் உருப்படி பதினெட்டு நிமிடம். மிருதங்கத்துக்குப் பெயர்போன பாலக்காட்டில் பிறந்துவிட்டு அதைக் கேட்காமல் இருந்தால்தான் தப்பு.

அதே மெக்லாக்லின், அதே மைல்ஸ் டேவிஸ் சேர்ந்த ‘பிட்சஸ் ப்ரூ’ எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. 1970-ல் வந்தது, எல்லாப் பட்டியலிலும் இருக்கும். ஓடவிட்டுப் பதிந்த டேப்புகளைத் தயாரிப்பாளர் டியோ மசேரோ வெட்டி ஒட்டி உருவாக்கியது என்பதால் அந்தக் கைவேலையை மெச்சுகிறேன். ஆனால் உட்கார்ந்து கேட்டால் கல்யாண வீட்டில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவது போல இருக்கிறது. பல வருஷம் விட்டு விட்டுக் கேட்டாயிற்று. இனி அந்த ஆல்பத்துக்கும் எனக்கும் விரோதமில்லை, உறவும் இல்லை. உங்களுக்கும் இப்படி ரெண்டு மூன்று இருக்கட்டும்.

பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்’ பற்றி நீங்கள் கேட்டது நல்ல கேள்வி: ‘நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உலகிலேயே சிறந்தது என்றால் எப்படி?’ ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2003-ல் போட்ட ஐந்நூறு ஆல்பப் பட்டியலில் அதுதான் முதலிடம். அதே பத்திரிகை 2020-ல் மறுபடி ஓட்டெடுத்தபோது அது 24-ஆம் இடத்துக்குப் போய், மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ முதலிடத்துக்கு வந்தது. இடையில் தட்டு மாறவில்லை, ஓட்டுப் போட்டவர்கள் மாறினார்கள். 1967-ல் பாட்டு வரிகளை அட்டையிலேயே அச்சடித்து, முழுத் தட்டையும் ஒரு நிகழ்ச்சி போலத் தொடுத்தது அன்றைக்குப் பெரிய விஷயம். பின்னால் வந்த எல்லோரும் அதைச் செய்துவிட்டதால் இன்று கேட்கிற நமக்கு அதில் அதிசயம் தெரியாது. புகழில் ஒரு பங்கு காதுக்கு, ஒரு பங்கு சரித்திரத்துக்கு. சரித்திரத்தைக் காதால் கேட்க முடியாது, படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் அந்தக் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் தபலா, தில்ருபா (வில்லால் இழுக்கிற வடநாட்டு வாத்தியம்) வைத்துச் செய்த பாட்டு லண்டன்காரர்களைக் கலக்கியிருக்கலாம், நமக்கு அது பாதி வழியில் நிற்கிற மாதிரி இருந்தால் தப்பில்லை. அவர்களுடையதில் எனக்குப் பிடித்தது 1966-ன் ‘ரிவால்வர்’. மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்பது பாட்டில் ஏழு தனித்தனியாக வெளியாகி ஓடியவை. வரிசையைக் கலைத்தாலும் ஒன்றும் குறையாது, பஸ்ஸுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மொழி பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேச வேண்டும். அமெரிக்கப் பாடகர் பாப் டிலனுக்கு 2016-ல் இலக்கியத்துக்கு நோபல் கொடுத்தார்கள். அந்தப் பரிசே அவர் பாட்டில் முக்கியம் எது என்று சொல்லிவிடுகிறது. ஆங்கிலம் அலுவலக ஆங்கிலமாக மட்டும் தெரிந்த எனக்கு அவருடைய குரலும் ஹார்மோனிகாவும்தான் மிஞ்சுகின்றன. அதை வைத்து அவர் பெரிய ஆள் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. நாஸின் ‘இல்மாட்டிக்’ போன்ற ராப் ஆல்பங்களிலும் என் நிலை அதுவே. தாளம் பிடிக்கிறது, வார்த்தை கைநழுவுகிறது. பாட்டு வரியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் கொஞ்சம் தேறும். ஆனால் பாட்டே அர்த்தத்தை நம்பாத இடங்களும் உண்டு. ‘புவனா விஸ்டா சோஷியல் கிளப்’ 1997-ல் வந்த கியூபா இசை. ஹவானாவில் உலகம் மறந்துவிட்ட வயசாளிகளைக் கூட்டி வந்து பாட வைத்தது, அவர்களில் கொம்பாய் செகுந்தோ 1907-ல் பிறந்தவர். ஒரு வார்த்தை ஸ்பானிஷ் தெரியாமல் நம் வீட்டில் எல்லோரும் கேட்கிறோம். என் சம்சாரம் காலையில் இட்லி ஊற்றும்போது போடச் சொல்கிற ஒரே வெளிநாட்டு இசை அதுதான்.

மேற்கத்திய கிளாசிக்கலில் எதைத் தொடுவது என்று கேட்டிருந்தீர்கள். என் சிற்றறிவுக்கு கிளென் கூல்டு என்கிற பியானோக்காரர் வாசித்த, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’. ஒரு மெட்டு, அதன் மேல் முப்பது விரிவுகள், கடைசியில் மறுபடி அதே மெட்டு. 1955-ல் இளைஞனாக வாசித்தபோது முப்பத்தெட்டு நிமிடம். 1981-ல், சாவதற்கு முந்தைய வருஷம், திரும்ப வாசித்தபோது ஐம்பத்தொரு நிமிடம். இரண்டும் நியூயார்க்கில் பழைய தேவாலயக் கட்டடத்தில் இருந்த கொலம்பியாவின் ஒரே ஸ்டூடியோவில் பதிவானவை. ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வும் அங்கேதான். கவனித்துக் கேட்டால் பியானோவுக்குப் பின்னால் ஆள் முனகுவது கேட்கும், ரெக்கார்டிங் குறை என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் மெதுவானதைக் கேளுங்கள் என்பேன். கீத் ஜாரெட்டின் ‘கோல்ன் கான்சர்ட்’ பியானோ தட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். 1975-ல் மேடைக்குத் தப்பான, உடைசலான பியானோ வந்துவிட, அதிலேயே ஒரு மணி நேரம் மனோதர்மமாக வாசித்தது. பியானோ கதை உண்மை. பியானோ மோசமாக இருந்ததால்தான் இசை அவ்வளவு நன்றாக வந்தது என்றும் சொல்வார்கள். இருக்கலாம், யாராலும் நிரூபிக்க முடியாது.

உங்கள் பட்டியலில் நம் நாட்டு ஆல்பம் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்தீர்களா? ஆங்கிலப் பத்திரிகைக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்ததில் போட்ட பட்டியல் அது. சிவகுமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியாவின் குழல், பிரிஜ்பூஷண் காப்ராவின் கிடார் சேர்ந்த ‘கால் ஆஃப் த வேலி’ 1967-ல் வந்தது, ‘சார்ஜன்ட் பெப்பர்’ வந்த அதே வருஷம். காஷ்மீரத்து ஆட்டிடையன் ஒருவனின் ஒரு நாள், விடியலின் அஹிர் பைரவ் ராகத்தில் தொடங்கி ராத்திரிக்கு பஹாடி ராகத்தில் முடிகிறது. இதைக் கலைத்துப் போட்டுக் கேட்டால் அவன் மத்தியானம் எழுந்து காலையில் தூங்குவான். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ 1986-ல் வந்தபோது நம் பக்கத்தில் அதை வாங்கியவர்களில் பாதிப் பேர் மரியாதைக்காக வாங்கினார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்த ஆல்பம், வயலின் வி. எஸ். நரசிம்மன். பாக்கின் வயலின் உருப்படி ஒன்றை எடுத்துக்கொண்டு அதோடு இவர் உரையாடுகிற பாட்டு எனக்கு எப்போது கேட்டாலும் சிலிர்க்கிறது. வேறு சில உருப்படிகள் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுகிற பயிற்சி போலத்தான் நிற்கின்றன. இரண்டு வருஷம் கழித்து சௌராசியாவோடு செய்த ‘நத்திங் பட் விண்ட்’ அதைவிடத் தளர்வாக, சுகமாக இருக்கிறது. இதில் என்னோடு ஒத்துப்போகிறவர்கள் குறைவு.

நம் ஊருக்கு என்று ஒரு கிளாசிக் உண்டு. 1988-ல் தரங்கிணி கேசட் கம்பெனி வெளியிட்ட யேசுதாஸின் ‘மயில்பீலி’. கே. ஜி. ஜயன் இசை. குருவாயூரப்பன் பாட்டுகள். பாட்டெழுதிய எஸ். ரமேசன் நாயர் கன்னியாகுமரி மாவட்டத்துக் குமாரபுரத்தில் பிறந்து, திருக்குறளையும் சிலப்பதிகாரத்தையும் மலையாளத்தில் தந்தவர், நம்மைப் போல எல்லைக்காரர். விடியற்காலையில் கோயில் குழாயிலிருந்து வருகிற சத்தமாக மட்டும் அதைத் தெரிந்து வைத்திருப்பீர்கள். குழாய் ஸ்பீக்கரில் தாழ்ந்த சுருதியும் வராது, மேலே மினுக்கலும் வராது, நடுச்சத்தம் மட்டும் காதைக் கிழிக்கும். ஹெட்ஃபோனில் ஒரு தடவை கேளுங்கள், அதே பாட்டா என்று இருக்கும்.

இதையெல்லாம் பார்த்த பிறகும், அதாவது வரிசை கலையாமல், அமைதியான இடத்தில், சில நாள் இடைவெளி விட்டு இரண்டு தடவை கேட்ட பிறகும் ஒன்று பிடிக்கவில்லையென்றால் தூக்கி வைத்துவிடுங்கள். நண்பர்களிடம் ‘கேட்டேன், ஒட்டவில்லை’ என்று சொன்னால் போதும், ‘குப்பை’ என்று சொல்ல வேண்டியதில்லை. எல்பி ப்ளேயர் இப்போதைக்கு வேண்டாம். இப்போது வருகிற புதுத் தட்டுகளில் பலவும் டிஜிட்டல் பிரதியிலிருந்து வெட்டியவைதான், பெட்டி வடிவில் விற்கிற மலிவு ப்ளேயரின் ஊசி கனத்தில் தட்டு சீக்கிரம் தேயும். அதில் உள்ள ஒரே நன்மை, இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து திருப்பிப் போட வேண்டியிருப்பதால் கவனம் சிதறாது. அதற்கு போனை அடுத்த அறையில் சார்ஜில் போட்டுவிட்டு வந்தாலே போதும். அந்தக் காசில் பத்தில் ஒரு பங்குக்குக் காதை நன்றாக அடைக்கிற ரப்பர் முனை வைத்த ஒயர் இயர்போன் ஒன்று வாங்குங்கள். பஸ்ஸில் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைத்துக் காதைக் கெடுத்துக்கொள்ளாமலும் இருக்கலாம்.